ஏலத்துக்குப் போகும் நாணயத்தைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய பிரிட்டிஷ் நாணயங்கள் லண்டனில் ஏலம் போன செய்தியில், சுத்தியல் விழுந்த விலையை, அதாவது கடைசியாகக் கேட்கப்பட்ட தொகையை மட்டும் போட்டிருந்தீர்கள். அவ்வளவும் விற்றவர் கைக்குப் போனதாகவே படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கணக்கு வேறு. ஆயிரம் பவுண்டுக்கு முடிந்த லாட்டுக்கு (ஏலப் பொருளுக்கு) ஏல நிறுவனம் வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் 24 சதவீதம் என்றால், அந்தக் கட்டணத்துக்கான வாட் எனும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து வாங்குபவருக்கு ஆகும் செலவு 1,288 பவுண்டு. விற்பவரிடம் 15 சதவீதக் கமிஷனும் அதன்மேல் 20 சதவீத வாட்டும் பிடித்தால் அவருக்கு மிஞ்சுவது 820. வாங்குபவர் கட்டணத்தில் பேரம் இல்லை. விற்பவர் கமிஷனில் உண்டு. நல்ல தொகுப்பு என்றால் குறைப்பார்கள், படமெடுக்கும் செலவையும் காப்பீட்டையும் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். விலைபோகாமல் திரும்பும் லாட்டுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியோ எலுமிச்சையோ பாலிஷோ போட்டு விக்டோரியா காலத்துப் பென்னியைப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறார்கள். வெள்ளியில் படிந்த நீலமும் பழுப்பும் அழுக்கு அல்ல, பல ஆண்டுகளில் தானாக ஏறிய நிறம். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை தருவார்கள். தேய்த்தால் உலோகத்தின் மேல்தோல் போய்விடும், திரும்பி வராது. கேட்டலாகில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு விழுந்தாலே விலை பாதியாகலாம். விதிவிலக்கு ஒன்றுதான்: பழைய பிவிசி பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசிந்து ஒட்டும் பச்சைப் பிசின். அதைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். நகச்சாயம் நீக்கும் திரவம் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

நாணயத்துக்கு அடியில் வட்டமான காகிதத் துண்டு இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். எந்த ஆண்டு, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று பழைய சேகரிப்பாளர்கள் அதில்தான் எழுதிவைத்தார்கள். பழைய ரசீதுகளும் கேட்டலாகுகளும் அப்படியே. உடைமை வரலாறு உள்ள நாணயத்துக்குப் போட்டி கூடும். வாரிசுகள் செய்யும் முதல் வேலையோ எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டுவது! கீறலும் விழும், வரலாறும் தொலையும்.

எல்லாமே ஏலத்துக்கு உரியவை அல்ல. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பென்னிகளில் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அச்சானவை. தேய்ந்தவை மொத்தமாகத்தான் போகும். வெள்ளி நாணயங்களில் 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947 முதல் வெள்ளியே கிடையாது. 1919 வரை அச்சான அரை கிரௌன் எட்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு முகமதிப்பு, 113 கிராம் எடை, அதில் தூய வெள்ளி ஏறக்குறைய 104.6 கிராம். தேய்ந்தவற்றை இந்தக் கணக்கில் வெள்ளி விலைக்கு விற்கலாம். ஆனால் எடை போடுமுன் ஆண்டைப் பாருங்கள். 1905-ஆம் ஆண்டு அரை கிரௌன் தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலையைப்போல் பல மடங்கு போகும். அதனாலேயே போலிகளும் ஏராளம். சரியான எடை 14.14 கிராம்.

சவரன் எனும் பிரிட்டிஷ் தங்க நாணயமும் அப்படித்தான். 7.98 கிராம் எடை, 22 காரட். பெரும்பாலானவை தங்க விலைக்கு மேல் போகாதவை, அவற்றை ஏலத்தில் விட்டுக் கமிஷன் அழுவது வீண். தங்க நாணய வியாபாரியிடம் கொடுப்பதே லாபம். 1819, 1841 ஆண்டுகளும், எந்த ஊர் அச்சுச்சாலை என்று காட்டும் எழுத்து இல்லாத 1917 லண்டன் சவரனும் வேறு ரகம். 1917-க்கும் போலிகள் உண்டு. பம்பாயில் அச்சான 1918 சவரனின் பின்பக்கத்தில் உள்ள குதிரைக்குக் கீழே, தரையில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். நம்மவர்கள் அதை அபூர்வம் என்று நம்பி பெரிய தொகை எதிர்பார்க்கிறார்கள். அச்சானது 12 லட்சத்துக்கும் மேல்.

லண்டன் நாணய ஏல நிறுவனமான ஸ்பிங்க் ஆண்டுதோறும் வெளியிடும் விலைப்பட்டியலில் இருப்பது கடை விலை. சாதாரண நாணயங்களுக்கு ஏலத்தில் அது வராது. அதைப் பார்த்துக்கொண்டு ரிசர்வ் விலையை (இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று வைக்கும் விலை) ஏற்றினால் லாட் விலைபோகாமல் திரும்பும். அடுத்த ஏலத்தில் அதே நாணயம் வந்தால், ‘போன முறையே போகாதது’ என்று வாங்குபவர்களுக்குத் தெரிந்துவிடும். மதிப்பீட்டைச் சற்றுக் குறைத்துப் போடுவதே இரண்டு பேரை மோதவிடும் வழி. நாணயத்தைத் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தரும் அமெரிக்க நிறுவனங்களின் சான்று உயர்ந்த நாணயங்களுக்குக் கட்டுப்படியாகும். ஐம்பது பவுண்டுக்குப் போகும் ஷில்லிங் நாணயத்துக்கு அந்தச் செலவு தண்டம்.

வரி: 1837 முதல் அச்சான சவரன்கள் இன்றும் சட்டப்படி செல்லும் நாணயங்கள் என்பதால் அவற்றின் லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. செல்லாக்காசாகிவிட்ட பழையவற்றுக்குப் பொதுவாக ஒரு பொருளின் விற்பனை விலை 6,000 பவுண்டு வரை என்றால் விலக்கு. ஒரு செட்டைப் பிரித்து ஒரே ஆளுக்கு விற்றால் ஒரே பொருளாகத்தான் பார்ப்பார்கள். வாரிசுரிமை வரியில் சவரனுக்கும் தப்பில்லை, சந்தை மதிப்பில் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பெட்டியில் பழைய சவரன் வைத்திருப்பவர்கள் லண்டன் ஏலத்தை நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பிரிட்டனில் இருக்கும் தொகுப்பை விற்க எண்ணுபவர்கள், அதை ஊருக்கு எடுத்துப்போகுமுன் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
நாணயச் சேகரிப்பாளர்,
ஹாரோ, லண்டன்