மீனு கையில் ஊறிய எறும்பு

அன்புள்ள சேகர்,

ஏழெட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டிக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. உனக்கு மாற்றல் வந்ததை ராஜுதான் சொன்னான். வாழ்த்துகள். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீனு ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள். பதறாதே, இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், என்னை வேலை வாங்கிக்கொண்டு. தலை முன்பக்கம் மடங்கி விழுந்தாள். நான் ஓடிப்போய் அப்படியே வாரித் தூக்கிக்கொண்டேன். கழுத்து வலிக்கிறது என்றாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்று வலி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி, "அப்பா, கையில எறும்பு ஊறுது" என்றாள். விளக்கைப் போட்டுப் படுக்கையை உதறினேன். ஒரு எறும்பும் இல்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேலி வேறு செய்தேன். காலையில் பல் துலக்கும்போது பிரஷ் இரண்டு முறை கையிலிருந்து நழுவி விழுந்தது. மூன்றாவது முறை எடுக்கக் குனியாமல் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை என்னால் எழுத முடியவில்லை.

வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தில் வீக்கம். எலும்பு உடையாமல் உள்ளே இருப்பது எப்படி அடிபடும் என்று சண்டைக்கே போனேன். அந்த டாக்டரம்மாவுக்குப் பொறுமை அதிகம். குழந்தைக்குத் தலை கனம், கழுத்துத் தசையில் பலம் இல்லை, எலும்புகளைக் கட்டும் நார்களும் இளக்கம். அதனால் எலும்பு ஒரு கணம் விலகித் தண்டுவடத்தை இழுத்து நசுக்கிவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுமாம். எக்ஸ்ரேயில் தெரிவது, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் திரும்பி வந்து உட்கார்ந்த அந்த எலும்புதான்! பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடர் 5 சென்டிமீட்டர் வரை இழுபட்டாலும் தாங்கும், உள்ளே இருக்கும் தண்டுவடம் அரை சென்டிமீட்டர் சொச்சத்திலேயே கிழிந்துவிடும் என்றார். எட்டு வயது வரை கழுத்தின் மேல்பகுதியில்தான் ஆபத்து அதிகம். 1982-இல் பாங், வில்பெர்கர் என்ற இரண்டு டாக்டர்கள் எக்ஸ்ரேயில் பிடிபடாத இந்தத் தண்டுவட அடிக்கு 'ஸ்கிவோரா' என்று பெயர் வைத்தார்களாம். கை கால் பலவீனம் உடனே தெரிய வேண்டும் என்பதில்லை, சில பிள்ளைகளுக்கு நாலு நாள் கழித்துக்கூடத் தெரியும். அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கைதான் அந்த எறும்பு.

வாரித் தூக்கினேன் என்றேனே, அதுவும் தப்பு. படுத்தபடியே விட்டு, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகையில் படுக்க வைத்தாலும் குழந்தையின் பெரிய தலை முன்னால் மடங்கும், தோளுக்கும் முதுகுக்கும் அடியில் போர்வையை மடித்து வைக்க வேண்டுமாம். சுவரேறிக் குதித்த பாபுவை நாம் நாலு பேர் ஆளுக்கொரு கை காலாகத் தூக்கிப் போனோமே! இத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

காத்திருந்த இடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பையன். வளரும் வயதில் தண்டுவடம் பலமாக அடிபட்டால் கால்களோடு முடிவதில்லை. வளர வளர முதுகும் கோணிக்கொண்டே போகும். அதற்காக அவனுக்கு மார்பைச் சுற்றி பிரேஸ். மீனுவோடு கண்ணாமூச்சி ஆடப் பார்த்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மீனுவுக்குக் கழுத்து அசையாமல் இருக்கப் பன்னிரண்டு வாரம் காலர். இது ஐந்தாவது வாரம். பொம்மைக்கும் சாக்ஸை வெட்டி ஒரு காலர் மாட்டியாகிவிட்டது. பிடி திரும்பிவிட்டது. ஆனாலும் தினமும் ராத்திரி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா மூடியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு "எது?" என்று கேட்பேன். நேற்று மோதிர விரலைத் தொட்டேன், "கட்டை விரல்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்து சிரிக்கிறாள், பிசாசு.

உன் வானரம் இன்னும் கட்டிலிலிருந்து குட்டிக்கரணம் போடுகிறானா? விழுந்து எழுந்து எறும்பு, கரண்ட் ஷாக் என்று ஏதாவது உளறினால் என்னைப் போல் படுக்கையை உதறிக்கொண்டிருக்காதே. தங்கச்சியிடமும் சொல்லி வை.

20-ஆம் தேதி மறுபடி எம்.ஆர்.ஐ. அன்றைக்கு நீ போன் செய்யாதே. நானே செய்கிறேன்.

உன்,
மணி