பாட வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும் முன்னாள் படைவீரர் தோழர்களுக்கும் வணக்கம்.

போன டிசம்பர் 17 மாலை நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இந்தக் கிழவனைப் பாட வைத்துக் கேட்டீர்கள். மேடையிலேயே நன்றி சொல்லியிருப்பேன், தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் இந்த மடல்.

பாட்டுகளை என் இஷ்டத்துக்கு விட்ட விழாக் குழுவுக்கு முதல் நன்றி. ராணுவக்காரன் மேடையேறினால் வீரப்பாட்டுதான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு முனையில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி அகற்றி வழி போட்டவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினராகிய நாங்கள். ஓய்ந்து உட்கார்ந்த நேரத்தில் எவனும் வீரப்பாட்டு பாடியதில்லை. ‘பசுமை நிறைந்த நினைவுகளே’தான் பாடினோம். கல்லூரி நண்பர்கள் பிரியும்போது பாடுகிற பாட்டு அது. எங்களில் பலர் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை! அதே ‘ரத்தத் திலகம்’ படத்தில்தான் ‘புத்தன் வந்த திசையிலே போர்’ என்ற பாட்டும் இருக்கிறது. சீனப் போர் முடிந்த மறு வருஷம், 1963இல் வந்த படம். கண்ணதாசன் எங்களுக்காகவே எழுதியது போலத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கு முனையில் டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்குப் போர் நின்றது. சாப்பருக்கு நிற்கவில்லை. புதைத்த கண்ணிகளை யார் எடுப்பது? பாகிஸ்தானோடு சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானதே 1972 ஜூலையில்தான். ஊருக்குப் போகும் நாளை எண்ணி நாங்கள் அதிகம் பாடியது சண்டை நின்ற பிறகுதான். ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் நிலைய முகவரி போட்டு வீட்டிலிருந்து வந்த கடிதங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம், பிறகு பாட்டு. அதனால்தான் அந்தத் தேதியையே கேட்டேன். மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட உரிமையாளருக்கு நன்றி.

ஆர்மோனியம் வாத்தியாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டி.எம்.எஸ். பாடிய சுருதியில் எழுபத்தைந்தைத் தாண்டியவன் பாட முடியுமா? நன்றாக இறக்கிக் கொடுத்தார். எனக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நாலு சுரம் கூட வாசித்துச் சமாளித்தார். ‘எக்கோ வேண்டாம்ப்பா’ என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்ட மைக் செட் தம்பிக்கும், பாட்டு வரிகளைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த பேத்திக்கும் நன்றி.

என்னோடு வந்து திரும்பாமல் போன தோழனின் மனைவி பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். முடிந்ததும் அருகில் வந்து, “அண்ணே, அவரு இதை இன்னும் கொஞ்சம் வேகமா பாடுவாரு” என்றார். உண்மைதான் தங்கச்சி, அவன் எதையும் வேகமாகத்தான் பாடுவான். நீ வந்ததற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பாட்டு நோட்டின் நகல் கேட்டவர்களுக்காகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். காசு கொடுத்தாயிற்று, சும்மா வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஹவில்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ்