மறைத்துவிட்டுப் படிக்காதே

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்ட வரைவைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவளுக்கே சில பக்கங்களில் மூச்சு வாங்கியது. அது கிடக்கட்டும். "டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை மறைத்துவிட்டு, எஞ்சிய பகுதியை மட்டும் ஒப்பிடுவோம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. மாடு, எருமை, ஆடு மூன்றிலும் அந்தத் தொடர்களைத்தான் ஆராயப் போகிறேன் என்று பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னவள் நீ. வழிகாட்டி சொல்லி மாற்றினாயா, வேலை கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினார்களா? எதுவானாலும் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

மறைப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. 108 போற்றி அச்சடித்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, "போற்றி" என்று மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டி இது எந்த வரி என்று கேட்டால் பூசாரியே விழிப்பார். டிஎன்ஏவை 100, 150 எழுத்துத் துண்டுகளாகப் படித்த கருவிகளுக்கும் அதே திண்டாட்டம். மனிதரில் ஆலு என்ற 300 எழுத்துத் தொடருக்கு மட்டும் 10 லட்சத்துக்கு மேல் பிரதிகள் உண்டு. 2003இல் முடிந்துவிட்டதாக அறிவித்த மனித மரபணுத்தொகுதியில், அதாவது முழு டிஎன்ஏவில், சுமார் 8 சதவீதம் 2022 வரை நிரம்பாமலே கிடந்தது இதனால்தான். பல்லாயிரம் எழுத்துகளை ஒரே வீச்சில் படிக்கும் கருவிகள் வந்த பிறகே அந்த இடைவெளிகள் அடைபட்டன. கருவி இல்லாதவர்கள் ஒதுக்கியது நியாயம். அடுத்த அறையில் கருவியை வைத்துக்கொண்டு நீ ஒதுக்குவது சோம்பல். கோபித்துக்கொள்ளாதே.

இந்தத் தொடர்களில் பல தம்மையே படியெடுத்து, மரபணுத்தொகுதியில் வேறெங்கோ போய்ச் செருகிக்கொள்கின்றன. சுமார் 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே, இரண்டு உயிரினங்களில் ஒரே தொடர் தனித்தனியாக ஒரே இடத்தில் செருகிக்கொள்வது அரிதினும் அரிது. அப்படி இருந்தால் இரண்டுக்கும் ஒரே பாட்டி என்றுதான் பொருள். ஜப்பானில் நோரிஹிரோ ஒகடாவின் குழு 1997இல் இதை வைத்துத்தான் திமிங்கலத்தின் உறவு முறையைச் சொன்னது. திமிங்கலம், நீர்யானை, அசைபோடும் விலங்குகள் ஆகிய மூன்றிலும் குறிப்பிட்ட சில இடங்களில் ஒரே செருகல்கள் இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் அவை அங்கே இல்லை. நம் தொழுவத்து எருமைக்குப் பன்றியைவிடத் திமிங்கலம் நெருங்கிய சொந்தம்! எலும்புகளை வைத்து வெகுகாலம் சண்டையிட்ட ஒரு வழக்கில் இந்தச் செருகல்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அந்தச் சாட்சியின் வாயைத்தான் நீ மூடப் பார்க்கிறாய்.

போவ்-பி என்ற தொடரைப் பற்றி நீ சொன்னதை இங்கே பால் சங்கத்தில் சொன்னேன். மாட்டின் மரபணுத்தொகுதியில் அந்தத் தொடரையும் அதன் வழிவந்த குட்டித் துண்டுகளையும் சேர்த்தால் ஏறத்தாழக் கால் பங்கு வரும். அது பாம்பு, பல்லி இனங்களிடமிருந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது என்றேன். பால் ஊற்ற வந்தவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டார்கள். "அப்படியானால் பாலில் விஷம் இருக்குமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். விஷம் வேறு, இது வேறு என்று சொல்லிச் சமாளித்தேன். பாம்பிலிருந்து மாட்டுக்கு எப்படிப் போயிருக்கும் என்று அடுத்த கேள்வி. ஊர்வனவற்றில் ஒட்டி வாழும் உண்ணிகளிலும் அதே தொடர் இருப்பதை 2013இல் ஓர் ஆஸ்திரேலியக் குழு காட்டியது, உண்ணிதான் தூக்கி வந்திருக்கலாம் என்கிறார்கள் என்றேன். வேலந்தாவளத்திலிருந்து வரும் பெரியவர் சிரித்தார். "உண்ணியா? அது எதை வேண்டுமானாலும் கொண்டு வரும் அம்மா. இதைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியாவா வேண்டும்?" உன் நேர்முகத் தேர்வில் இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் கவனி. மறைக்காதே என்று சொன்னதற்காக எதிர்க் கரையில் போய் நிற்காதே. 1972இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் நம் டிஎன்ஏவின் பெரும்பகுதியைக் 'குப்பை' என்றார். 2012இல் ஒரு பெரிய கூட்டாய்வு, மனித மரபணுத்தொகுதியில் 80 சதவீதத்துக்குச் செயல் உண்டு என்று பறைசாற்றி, வாங்கிக் கட்டிக்கொண்டது. நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிடின் என்ற புரதம் பழைய வைரஸ் ஒன்றின் எச்சம் என்பது உண்மை. எல்1 என்ற, தன்னையே படியெடுக்கும் தொடர் தவறான இடத்தில் செருகிக்கொண்டதால் ஹீமோபிலியா என்ற இரத்தம் உறையாத நோய் வந்ததை 1988இல் கண்டதும் உண்மை. இந்த இரண்டையும் காட்டி எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன். பெரும்பாலானவை படியெடுக்கத் தெரிந்ததால் பெருகின, வெளியே தள்ள ஆளில்லாததால் தங்கிவிட்டன. வேலையில்லாமல் கிடந்தாலும் எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்பது அவற்றில்தான் பதிந்திருக்கிறது. உன் வரைவுக்கு அந்த வாதமே போதும்.

பழந்தின்னி வௌவால்களில் எல்1 ஓய்ந்தே போய்விட்டதாமே, ஏன்? மற்றப் பாலூட்டிகள் பெரும்பாலானவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அங்கே எப்படி நின்றது? உனக்குத் தெரிந்ததை அடுத்த கடிதத்தில் எழுது.

வழிகாட்டியிடம் பேசும்போது முதலில் செலவுக் கணக்கை எடு. நீண்ட துண்டுகளைப் படிக்க ஆகும் பணம்தான் அவருடைய உண்மையான தயக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று விலங்குக்கும் பணம் இல்லையென்றால் எருமையை மட்டும் முழுதாகப் படி.

வெள்ளிக்கிழமை மாமா பெங்களூரு வருகிறார். நெய்யும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு உன் விடுதிக்கு வழி தெரியாது. பஸ் நிலையத்துக்கே போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா