முதுகில் நீர் எடுக்க ஏன் இந்தப் பயம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூளைக்காய்ச்சல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கொசு, தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் வந்திருந்தன. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பதை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தார் கையெழுத்துப் போட மறுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். “முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்” என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் டாக்டர் பேச்சு எடுபடாது.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான், அதற்கு யாரும் இவ்வளவு மிரளுவதில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. நீர் புதிதாக ஊறுகிறது; நாம் எடுப்பது சில மி.லி. சிலருக்குப் பிறகு சில நாள் தலைவலி இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டரே முதலில் ஸ்கேன் பார்த்துவிடுவார்.

சரி, அந்தச் சில மி.லி.யில் என்ன தெரியும்? பாக்டீரியா மூளை உறையைத் தாக்கியிருந்தால் நீர் பெரும்பாலும் கலங்கி வரும், நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும், குளுக்கோஸ் சரிந்திருக்கும். வைரஸ் என்றால் நீர் தெளிவு, லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு அதிகம், குளுக்கோஸ் பொதுவாகக் குறையாது. ஆளை ஏமாற்றுவது காசநோய்தான். நீரும் தெளிவாக இருக்கும், லிம்போசைட்டும் அதிகம் இருக்கும், வைரஸ் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் குளுக்கோஸ் குறைந்து, புரதம் ஏறியிருக்கும். குழாயை அசைக்காமல் வைத்தால் சில சமயம் உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய படலம் தொங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதைத் தேடுவோம்.

குளுக்கோஸை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீரில் இருப்பது வழக்கம். 60 என்று வந்தால் நல்லதாகத் தெரியும். ரத்தத்தில் 300 இருந்தால் அந்த 60 குறைவு. எத்தனை முறை கூடவே ரத்த மாதிரி அனுப்பாமல் நீர் மட்டும் வந்து, நாங்கள் வார்டுக்குப் போன் போட்டிருக்கிறோம்!

இது வெறும் பெயர் வைக்கும் வேலை இல்லை. பாக்டீரியாவுக்கு உடனே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை, தொடக்கத்தில் ஸ்டீராய்டும் சேரும். ஹெர்பிஸ் வைரஸ் மூளையையே தாக்கி ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால், வலிப்பு வந்தால், அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து. இந்தியாவில் 1955இல் நம் வேலூர்ப் பக்கம் முதலில் தெரியவந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ தடுப்பூசி உண்டு, வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. கேரளத்தில் பேசப்படும், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றில் நீர் பார்வைக்குப் பாக்டீரியா மாதிரியே இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காத புதுச் சொட்டில்தான் அமீபா நகர்வதைப் பார்க்க முடியும்.

தொற்றே இல்லை என்று சொல்வதற்கும் இந்த நீர் உதவும். பீகாரின் முசாஃபர்பூரில் லிச்சிப் பழக் காலத்தில் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்தபோது வெகுகாலம் மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். 2014 ஆய்வில் பெரும்பாலான குழந்தைகளின் நீரில் வெள்ளணுக்கள் கூடவில்லை. ரத்தச் சர்க்கரைதான் பலருக்கு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது குளுக்கோஸ்.

அடுத்த முறை இந்தப் பரிசோதனையைப் பற்றித் தனிக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். அதில் இன்னொன்றையும் சேருங்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்கு வருமுன் ஏதாவது ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம். என்ன ஊசி, எப்போது போட்டது என்ற சீட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திருவண்ணாமலை மாவட்டம்