641-க்கு முன்னால் நிறுத்திய கணக்கு

கிளிநொச்சி,
மாசி மாதம்.

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. கடைசி மழையில் ஒரு மூலை சாய்ந்தது, மற்றபடி பழுதில்லை. முற்றம் முழுக்க நெல் காய்கிறது. இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம்.

சின்னவன் செஸ் போர்டைக் கொண்டுவந்து, அந்தப் பழைய கதைப்படி கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் வைக்கத் தொடங்கினான். முதல் வரிசை முடிய 255 மணி, ஒரு கைப்பிடிக்கும் காணாது. ஒன்பதாவது கட்டத்துக்கு எண்ணும்போது கோழி வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டது. பிறகு பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால், இரண்டு வரிசைக்கு ஒன்றரைக் கிலோ சொச்சம். மூன்று வரிசைக்கு 420 கிலோ. பாதிப் போர்டுக்கே 107 டன்! எங்கள் மூன்று ஏக்கர் எத்தனை போகம் விளைய வேண்டும், நீயே பார்.

முழுப் போர்டுக்கும் 18446744073709551615. இருபது இலக்கம். பார்த்தால்தான் பயம்; 2-இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்த 'இரு வர்க்கங்களின் வித்தியாச'த்தை வைத்தே காரணிகளாகப் பிளந்துகொண்டு போகலாம்: 3, 5, 17, 257, 65537, மிஞ்சுவது 4294967297.

அதைக் கண்டதும் உன் நினைவுதான் வந்தது. ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்துகொண்டு 'இது முதன்மை எண்தான்' என்று ஒரு சோடாவுக்குப் பந்தயம் கட்டினாயே! ஃபெர்மா என்ற பெரிய கணித மேதையும் அப்படித்தான் நம்பினார், ஆகவே உனக்கு வெட்கமில்லை. நான் 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போய் முந்நூறைத் தாண்டும்போது மண்ணெண்ணெய் முடிந்தது. அம்மாவும் ஏசினா. கொப்பியை மூடிவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் போயிருந்தால் 641 வந்திருக்கும். 641 × 6700417. ஒய்லர் என்ற கணித மேதை 1732இல் கண்டது. இந்த எண்ணின் எந்தக் காரணியை எடுத்தாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும் என்று பிறகு அவரே காட்டினார். அது தெரிந்திருந்தால் அப்படி மீதி 1 வரும் முதன்மை எண்களை மட்டும் பார்த்திருப்பேன்: 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தலில் சோடா என் கையில். எனக்குத் தெரிந்த வழியில் 116 வகுத்தல் வேண்டும், அதுவும் ஒரு போத்தல் எண்ணெயில்!

இன்னொன்று, நேற்றிரவு என்னைத் தூங்கவிடாதது. 641 என்பது 5 × 128 + 1. அதே 641 தான் 625 + 16, அதாவது 5-இன் நான்காம் வலுவும் 2-இன் நான்காம் வலுவும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார். வகுக்காமலே 4294967297 உடைந்துவிடும். எப்படி என்று நான் சொல்ல மாட்டேன், நீ எழுதி அனுப்பு.

சோடாவை மறக்காதே. அடுத்த முறை வரும்போது தா, வட்டி வேண்டாம்.

உன்,
பழைய கொப்பிக்காரன்