லாக்கருக்கு இரண்டு சாவி

அன்பு கயலுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பிட்காயின் வாங்கிய கதையைச் சொன்னபோது, "எனக்கு ஒண்ணும் புரியலை, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு யோசித்தால், இது எனக்குப் புரியாத விஷயமே இல்லை. பத்தொன்பது வருஷம் பேங்கில் லாக்கர் ரூம் பார்த்தவள் நான்.

லாக்கருக்கு இரண்டு சாவி. முதலில் என் சாவியைப் போட்டுத் திருப்புவேன், அப்புறம் வாடிக்கையாளர் அவர் சாவியைப் போடுவார். ஒற்றைச் சாவிக்குத் திறக்காது. அவர் சாவியைத் தொலைத்துவிட்டால், செலவை அவர் தலையில் கட்டி, சாட்சி வைத்து உடைப்போம். ஒரு தடவை லாக்கர்காரர் இறந்துபோனார். அப்படி ஒன்று இருப்பதே அவர் மனைவிக்குத் தெரியாது. வாடகை பாக்கிக் கடிதம் வீட்டுக்குப் போனபோதுதான் அந்த அம்மா வந்து நின்றார். உள்ளே ஒரு ஜோடி வளையலும் பழைய பத்திரமும் இருந்தன. ஆனாலும் கையில் கிடைத்ததே.

நீ வாங்கிய பிட்காயினை அதை வாங்கி விற்கிற கம்பெனியான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்திருக்கிறாயே, அங்கே இரண்டு சாவியும் அவர்களிடம். ஆப்பில் நீ பார்ப்பது காசு இல்லை, அவர்கள் பேரேட்டில் உன் பேருக்கு நேரே எழுதிய ஒரு வரி. தொண்ணூறுகளில் கம்பி நீட்டிய ஃபைனான்ஸ் கம்பெனி பாஸ்புக்கிலும் தொகை அழகாகத்தான் எழுதியிருந்தது. உன் கனடாவிலேயே குவாட்ரிகா என்று ஒரு எக்ஸ்சேஞ்ச் இருந்ததே. அதை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் வந்து இறந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று கம்பெனி கையை விரித்தது. கடைசியில் பார்த்தால் அந்த பாஸ்வேர்டு போட்ட வாலட்டுகள், அதாவது பிட்காயினுக்கான லாக்கர்கள், மாசக்கணக்காகக் காலி. சுமார் 76,000 பேருக்குச் சேர வேண்டியது 21.5 கோடி கனடா டாலர். அது மோசடிதான் என்று 2020இல் அங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற ஒன்டாரியோ செக்யூரிட்டீஸ் கமிஷன் சொன்னது. யோக்கியமாக நடத்தினாலும் திருடன் வருவான்: 2024 ஜூலையில் இங்கே வாசிர்எக்ஸ் என்கிற எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் போனது. பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கிற அரசாங்க இன்சூரன்ஸ் இதற்கு உன் ஊரிலும் கிடையாது, எங்கள் ஊரிலும் கிடையாது.

அதனால் நீண்ட நாளைக்கு வைத்திருக்கப் போவதை உன் சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவியை உன் கையிலேயே வைத்திருக்கிற சின்னக் கருவிக்கு, மாற்றிவிடு என்பதுதான் என் கட்சி. வாங்கி விற்கிற கொஞ்சத்தை மட்டும் எக்ஸ்சேஞ்சில் விடு. அதற்கும் எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஓடிபியை நம்பாமல் உன் போனிலேயே அந்த நம்பரை உண்டாக்குகிற ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுக்கொள். வாலட் கருவியைத் தயாரித்த கம்பெனியிடமே நேராக வாங்கு. யாரோ பிரித்துப் பார்த்தது நமக்கு வேண்டாம்.

ஆனால் சொந்த வாலட் என்றால் இரண்டு சாவியும் உன்னிடம். தொலைத்தால் உடைத்துத் திறக்க லாக்கர் ரூம் அம்மா யாரும் இல்லை. கருவி தொலைந்தாலும் கெட்டாலும் காசை மீட்டெடுக்க அது கொடுக்கிற 24 சொற்கள்தான் எல்லாம். அவற்றை வரிசை மாறாமல் எழுதி வை. போட்டோ எடுக்காதே, அது தானாகக் கூகுளுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சொற்களைக் கேட்டு எவன் போன் செய்தாலும் திருடன் என்று வை. பேப்பரும் போதாது. 2015 வெள்ளத்தில் சித்தி வீட்டுப் பத்திரங்களில் மை கரைந்து நீலக் குழம்பாகக் கிடந்ததை நீதானே வெயிலில் உலர்த்தினாய்?

எனக்கு உடனே பாத்திரக் கடைதான் ஞாபகம் வந்தது. உன் கல்யாணச் சீர் எவர்சில்வருக்கெல்லாம் பேர் வெட்டினோமே, அந்த மாதிரி ஒரு தகட்டில் வெட்டிவிடு. கடைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதே, அவருக்குப் படிக்கத் தெரியும்! நீயே ஆணி வைத்துத் தட்டு. அந்தச் சொற்களைப் பொறுக்குகிற பட்டியலில் மொத்தமே 2048 ஆங்கிலச் சொற்கள்தானாம். முதல் நாலு எழுத்தை வைத்தே இன்ன சொல் என்று கண்டுபிடித்துவிடலாமாம், கை அவ்வளவாக வலிக்காது. முதலில் சின்னத் தொகையை அனுப்பு. பிறகு கருவியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, தகட்டைப் பார்த்து மீட்டெடு. அது திரும்பி வந்தால் மீதியை அனுப்பு.

இன்னொன்று. இதைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொன்னாயா என்று கேட்டபோது பேச்சை மாற்றினாய். சொற்களைச் சொல்ல வேண்டாம், எனக்கும் வேண்டாம். தகடு எங்கே இருக்கிறது, அது என்ன சாமான் என்று மட்டும் அவருக்குச் சொல்லிவை. உனக்கு வாடகை பாக்கிக் கடிதம் போட ஆள் இல்லை.

கூழ் வடாம் காய்ந்துவிட்டது. மாலதி அத்தை பையன் அடுத்த வாரம் அங்கே வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். மூடியில் என் பேர் வெட்டிய டப்பா அது, வரும்போது மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்
அம்மா