மாடி வீட்டு அட்வான்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் போனில் சொல்ல முடியாததை எல்லாம் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் ஒரு வரி பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வீடு மாறினேன், அதிலேயே நாள் ஓடிவிட்டது.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிற பிரைட்டனில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஓர் அறை. 'கடல் தெரியும் வீடு' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். தெரிகிறது, பாத்ரூம் ஜன்னலில் கழுத்தை வளைத்தால். மணல் எல்லாம் கிடையாது, கரை முழுக்கக் கூழாங்கல், செருப்பில்லாமல் நாலடி நடக்க முடியாது. அட்வான்ஸ் நம்மூர் மாதிரி இஷ்டத்துக்குக் கேட்க முடியாது, ஐந்து வார வாடகைதான் என்று 2019-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஜாமீன் நிற்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அதனால் ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன். எப்படி என்று அப்பா கேட்டால், சேர்த்து வைத்திருந்தாள் என்று சொல். இரண்டு மாதத்துக்கு மட்டும் பணம் கொஞ்சம் குறைவாக வரும்.

கீழ் வீட்டில் ஒரு பாட்டி. இந்த டிசம்பர் குளிரிலும் விடியற்காலையில் கடலில் இறங்குகிறார், அதற்கென்று 1860-லிருந்தே ஒரு கிளப் இருக்கிறதாம். ஈரத்தலையோடு படியில் பார்த்தால், நீயும் வா என்கிறார். மார்கழியில் வெந்நீர் வைத்தும் குளிக்க அழுத என்னை! நான் கடுகு தாளித்தால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார், கோபமா ஆசையா என்று இன்னும் பிடிபடவில்லை.

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று, கீழே தெரியும் சேலம் விளக்குகளில் அதோ நம் வீடு என்று அப்பா விரல் நீட்டுவாரே, பொய்தான், ஆனாலும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இங்கே கரையில் நின்றால் எதிரே ஒரே இருட்டு. அப்படி ஒரு பொய் சொல்லக்கூட ஒரு வீட்டு விளக்கு இல்லை அம்மா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டு. என் அறைச் சுவர் முழுக்க ஓதம், கறுப்பாகப் பூஞ்சை. ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் சமைப்பதாலும் துணியை உள்ளே காயப்போடுவதாலும்தான் வருகிறது என்றார். மொட்டை மாடியா இருக்கிறது, வேறெங்கே காயப்போடுவேன்? அன்று ராத்திரி நம் மாடி வீட்டில் குடியிருக்கும் டீச்சர் ஞாபகம் வந்துவிட்டது. பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது, நீங்கள் தண்ணீரை வாரி இறைத்தால் அப்படித்தான் என்றார் அப்பா. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

தையில் டீச்சர் காலி செய்யும்போது வெள்ளையடிக்க அட்வான்ஸில் பிடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். பிடிக்க வேண்டாம். அது டேங்க் பைப் கசிவு, சின்ன மாமா அப்போதே சொன்னார். பிளம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். டீச்சர் சாமான் ஏற்றுகிற அன்றைக்கே முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த அட்வான்ஸை எடுத்துத்தான் எனக்கு டிக்கெட் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. எவ்வளவு குறைகிறது என்று எழுது, அனுப்புகிறேன். இரண்டு மாதம் குறைவாக வரும் என்று மேலே எழுதியதை விட்டுவிடு.

அப்புறம், அத்தை பையன் ஜனவரியில் லண்டன் வருகிறானாமே, அவனிடம் அரைக் கிலோ காப்பித்தூள் கொடுத்துவிடு. சிக்கரி வேண்டாம்.

உன்,
பாப்பா